பேசாம விண்டோஸ் போட்டுக்க வேண்டியதுதானே?

இன்டர்னல், அசைன்மென்ட், செமினார்னு ஓடிக்கிட்டு இருந்ததுல இங்க எதுவும் எழுதி ரொம்ப நாளாச்சு. இந்தத் தடவை கொஞ்சம் சூடான மேட்டர். சூடு எனக்குத்தான். படிச்சு முடிக்கும்போது உங்களுக்கும் கொஞ்சம் வந்தா சந்தோஷம் :)

என் லேப்டாப்ல லினக்ஸ் இருக்கு. அதுல சில விண்டோஸ் புரோகிராம்களை 'வைன்'ங்கிற ஒரு இலவச மென்பொருள் மூலமா ஓட்டுறேன். இதைப் பார்க்கிற ஒவ்வொருத்தரும், கிளாஸ்ல பக்கத்து பெஞ்ச் நண்பன்ல இருந்து பெங்களூர்ல ஐடி வேலை பார்க்கிற மாமா பையன் வரைக்கும், சொல்லி வச்ச மாதிரி ஒரே கேள்வி கேக்குறாங்க.

"பேசாம விண்டோஸ் போட்டுக்க வேண்டியதுதானே? எதுக்குடா தலையைச் சுத்தி மூக்கைத் தொடுற?"

சரி, லினக்ஸ் ஆளுங்க நம்ம பக்கம் நிப்பாங்கன்னு பார்த்தா, அவங்க வேற ரகம். "லினக்ஸ் போட்டுட்டு அதுல விண்டோஸ் சாஃப்ட்வேர் ஓட்டுறியா? இதுக்கு நீ விண்டோஸே வச்சிருக்கலாம்."

மத்தளத்துக்கு ரெண்டு பக்கமும் இடின்னு சும்மாவா சொன்னாங்க. ரெண்டு தரப்புக்கும் சேர்த்து இன்னைக்கு பதில் சொல்லிடறேன். என் கட்சி இதுதான்: காசு கொடுத்து வாங்கின ஒரு புரோகிராமை, அதுக்குள்ள நாம போட்டு வச்ச கணக்கை, நமக்குப் பிடிச்ச இயங்குதளத்துல திறந்து பார்க்கிறது நம்ம உரிமை. அது கிறுக்குத்தனமும் இல்ல, துரோகமும் இல்ல. அந்த உரிமை இல்லைன்னா என்ன ஆகும்னு எங்க பெரியப்பா கடையில நான் நேர்ல பார்த்தேன்.

முதல்ல கடைக் கதை

பெரியப்பாவுக்கு பட்டுக்கோட்டை பக்கம் ஒரு உரக்கடை. யூரியா, டிஏபி, பூச்சிமருந்து. டெல்டாவுல உரக்கடைன்னா என்னன்னு அந்தப் பக்கத்து ஆளுங்களுக்குத் தெரியும். பாதி வியாபாரம் கடன்தான். நடவு சமயம் மூட்டையைத் தூக்கிட்டுப் போவாங்க, அறுவடை முடிஞ்சு வந்து கட்டுவாங்க. மழை ஏமாத்துச்சுன்னா அடுத்த போகத்துக்குத் தள்ளும். அதனால கடையோட உயிரே பேரேடுதான்.

1997ல, ஊர்ல கம்ப்யூட்டர் சென்டர் வச்சிருந்த ஒருத்தர் பெரியப்பாவுக்கு ஒரு கணக்கு புரோகிராம் எழுதிக் கொடுத்தார். விஷுவல் பேசிக் 3ல எழுதினது, 16 பிட், விண்டோஸ் 3.1 காலத்து சமாச்சாரம். பார்க்க அழகா எல்லாம் இருக்காது. சாம்பல் கலர் பெட்டி, நாலு பட்டன். ஆனா பேரைப் போட்டா அந்த ஆளோட பற்று வரவு மொத்தமும் வந்துடும். அது முதல்ல விண்டோஸ் 95, அப்புறம் எக்ஸ்பின்னு 28 வருஷம் ஓடுச்சு. எழுதினவர் எப்பவோ வளைகுடா போயிட்டார். சோர்ஸ் கோட் யார்கிட்டயும் இல்ல.

2025 தீபாவளி சமயம் மழையில கரண்ட் வந்து வந்து போனதுல அந்த எக்ஸ்பி மெஷினோட மதர்போர்டு அவுட். ஹார்ட் டிஸ்க் தப்பிச்சது. புது கம்ப்யூட்டர் வாங்கியாச்சு, விண்டோஸ் 11. சர்வீஸ் பண்றவர் பழைய ஃபோல்டரை அப்படியே புது மெஷினுக்கு மாத்தி டபுள் கிளிக் பண்ணினார். இந்தக் கணினியில இது ஓடாதுன்னு ஒரு பெட்டி. அவ்வளவுதான்.

"இதெல்லாம் இனிமே ஓடாது சார். புது சாஃப்ட்வேர் வாங்கிடுங்க. பழைய டேட்டா வராது, கையில அடிச்சு ஏத்திக்கணும்."

எதைப் பார்த்து அடிக்கிறது? கணக்கே அதுக்குள்ளதானே இருக்கு! பெரியப்பா ஞாபகத்துல இருந்ததையும் அங்கங்க துண்டுச் சீட்டுல குறிச்சதையும் வச்சு ஒரு நோட்டு போட ஆரம்பிச்சார்.

நவம்பர்ல ஒரு பெரியவர் சம்பாவுக்கு மேலுரம் வாங்க வந்தார். பெரியப்பா நோட்டைப் பார்த்துட்டு, "அண்ணே, பழைய பாக்கி 18,600 நிக்குதே"ன்னார்.

"இல்லீங்க மொதலாளி, மாசியிலயே வந்து கட்டிட்டேனே."

ரசீது அவர்கிட்ட இல்ல. பெரியப்பாவும் பொய் சொல்ற ஆள் இல்ல, அந்தப் பெரியவரும் இல்ல. உரம் வாங்காமலே திரும்பிப் போயிட்டார். அன்னைக்கு ராத்திரி பெரியப்பா எனக்குப் போன் பண்ணினார். "தம்பி, நீ ஏதோ கம்ப்யூட்டர்ல நோண்டிக்கிட்டே இருப்பியே, இதைப் பாரேன்."

அந்த வார சனிக்கிழமை போனேன். ஹார்ட் டிஸ்க்ல இருந்த ஃபோல்டரை என் லேப்டாப்புக்கு எடுத்தேன். வைன்ல திறந்தேன். ஒரு டிஎல்எல் ஃபைல் இல்லைன்னு நின்னுச்சு. பழைய டிஸ்க்லயே விண்டோஸ் சிஸ்டம் ஃபோல்டர்ல அது இருந்தது. அதை எடுத்து புரோகிராம் பக்கத்துல போட்டேன். அந்த சாம்பல் பெட்டி வந்துச்சு. பெரியப்பாவே வந்து பேரை அடிச்சார்.

மார்ச் 4ம் தேதி வரவு 18,600. பாக்கி பூஜ்யம்.

பெரியப்பா ஒண்ணும் பேசல. சட்டையை மாட்டிக்கிட்டு பைக்கை எடுத்துக்கிட்டு அந்தப் பெரியவர் வீட்டுக்குப் போயிட்டார்.

இப்ப சொல்லுங்க. "பேசாம விண்டோஸ் போட்டுக்க வேண்டியதுதானே?" போட்டிருந்தாங்க சாமி. விண்டோஸ் 11தான் போட்டிருந்தாங்க. ஓடாததே அதுலதான்!

வைன்னா என்ன? (டாஸ்மாக் சரக்கு இல்லீங்க)

தெரிஞ்சவங்க இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம்.

ஒரு புரோகிராம் தனியா எதையும் செய்யாது. "ஒரு பெட்டி வரை, இந்த ஃபைலைத் திற, பிரின்டருக்கு அனுப்பு"ன்னு இயங்குதளத்துக்கிட்ட கேட்டுக்கிட்டே இருக்கும். விண்டோஸ் புரோகிராம் விண்டோஸ் பாஷையில கேக்கும். லினக்ஸுக்கு அது புரியாது. வைன் நடுவுல உக்காந்து, விண்டோஸ் செய்யற மாதிரியே அந்த வேண்டுகோளை வாங்கி, லினக்ஸுக்குப் புரியற விதத்துல மாத்தி, வேலையை முடிச்சுத் தருது. பத்திர ஆபீஸ் வாசல்ல இருக்கிற பத்திர எழுத்தர் மாதிரின்னு வச்சுக்கங்களேன். நாம நம்ம பாஷையில சொல்றோம், அவர் ஆபீஸ் கேக்குற நடையில எழுதித் தர்றார்.

இதை எமுலேஷன்னு பொதுவா சொல்றோம். கறாரா பார்த்தா இது எமுலேட்டர் இல்ல. "வைன் எமுலேட்டர் அல்ல"ங்கிறதோட ஆங்கிலச் சுருக்கம்தான் அதோட பேரே! நிஜ எமுலேட்டர்னா வேற சிபியுவையே பாவனை பண்ணணும், ஒவ்வொரு கட்டளையையும் மொழிபெயர்க்கணும். அதனால இழுக்கும். வைன்ல சிபியு அதேதான், புரோகிராமோட கட்டளைகள் நேரா சிபியுவுலயே ஓடுது. விண்டோஸை நோக்கிப் போற வேண்டுகோள்களுக்கு மட்டும்தான் வைன் பதில் சொல்லுது.

1993ல பாப் ஆம்ஸ்டாட், எரிக் யங்டேல் ரெண்டு பேர் ஆரம்பிச்சது. 1994ல இருந்து அலெக்சாண்டர் ஜூலியார் தலைமையில நடக்குது. 1.0 வெளியானது எப்பன்னு நினைக்கிறீங்க? 2008 ஜூன். 15 வருஷம்! விண்டோஸோட உள்விவரம் முழுசா யாரும் கையில கொடுக்கல. ஒவ்வொரு வேண்டுகோளுக்கும் விண்டோஸ் என்ன பதில் சொல்லுதுன்னு வெளியில இருந்து சோதிச்சுப் பார்த்துப் பார்த்தே எழுதினாங்க. விண்டோஸ் சோர்ஸ் கோடைப் பார்த்தவங்க பங்களிக்கக் கூடாதுன்னு விதியே இருக்கு.

இப்ப வாதங்களுக்கு வருவோம்.

"விண்டோஸ்லயே வழி இருக்குமே?"

16 பிட் புரோகிராம் ஓட்டுற வசதி 32 பிட் விண்டோஸ்ல இருந்தது. 64 பிட் விண்டோஸ்ல எடுத்துட்டாங்க. விண்டோஸ் 10 வரைக்கும் 32 பிட் பதிப்பு தனியா இருந்தது. விண்டோஸ் 11ல 32 பிட் பதிப்பே கிடையாது. முடிஞ்சது கதை.

சிபியுவால முடியாததால எடுத்தாங்கன்னு சிலர் சொல்வாங்க. என் லேப்டாப்பும் 64 பிட்தான், லினக்ஸும் 64 பிட்தான். அதுல ஓடுதே? 16 பிட் விண்டோஸ் கோடை ஓட்ட சிபியு இன்னமும் இடம் கொடுக்குது. அந்த ஏற்பாட்டைத் தொடர வேண்டாம்னு எடுத்தது ஒரு கம்பெனியோட முடிவு. அவங்க கணக்குல அது நியாயமான முடிவாவே இருக்கலாம். அதுக்கு பெரியப்பா பேரேடு ஏன் சாகணும்?

இன்னொரு கூத்து இருக்கு. 64 பிட் விண்டோஸ்ல 16 பிட் புரோகிராம் ஓட்ட 'வைன்விடிஎம்'னு ஒரு இலவசக் கருவி உண்டு. அது எதுல இருந்து உருவாச்சு தெரியுமா? வைனோட கோடுல இருந்து! அதாவது, பழைய விண்டோஸ் புரோகிராமை புது விண்டோஸ்ல ஓட்டவே லினக்ஸ்காரங்க எழுதினதைக் கடன் வாங்க வேண்டியிருக்கு. அவ்வ்வ்...

"விண்டோஸ் போடறதுல என்ன கஷ்டம்?"

என் லேப்டாப் அக்கா படிச்ச காலத்துல வாங்கினது, எனக்கு வந்து சேர்ந்தது. விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14ல முடிஞ்சது. விண்டோஸ் 11 போடலாம்னா டிபிஎம் 2.0 வேணும், சிபியு அவங்க பட்டியல்ல இருக்கணும். என்னோடதுல ரெண்டும் இல்ல. கீபோர்டு நல்லா இருக்கு, டிஸ்ப்ளே நல்லா இருக்கு, பேட்டரியே மூணு மணி நேரம் நிக்குது. இதைத் தூக்கிப் போடணுமாம்.

"கிராக் பண்ணிப் போட்டுக்கலாம்டா"ங்கிறான் நண்பன். இதுதான் எனக்கு உண்மையிலேயே எரிச்சல். நாம படிக்கிறது காமர்ஸ். தணிக்கைத் தாள்ல நேர்மை, ஒளிவுமறைவின்மைன்னு பத்து மார்க்குக்கு எழுதுறோம். அதே கையால திருட்டு விண்டோஸ்ல திருட்டு ஆஃபீஸ் போட்டு அந்த அசைன்மென்ட்டை அடிக்கிறோம். காசு கொடுத்து வாங்க முடியாததை எல்லாருக்கும் கட்டாயம் ஆக்கிட்டா, எல்லாரும் திருடறது சகஜம் ஆயிடுது. யாரும் அதைத் திருட்டுன்னே நினைக்கிறதில்ல. வைன் போடறவனைக் கிறுக்கன்னு சொல்றவங்க, கிராக் போடறவனைப் புத்திசாலின்னு சொல்றாங்க. என்ன உலகமடா!

"இது சட்டப்படி சரியா?"

பிசினஸ் லா படிக்கிற நாமளே இதைக் கேக்கலாமா? நம்ம இந்திய காப்புரிமைச் சட்டம் 1957, பிரிவு 52(1)(ab) — மன்னிக்கணும், தமிழ்லயே சொல்றேன், 52(1)(ஏபி) — 1999 திருத்தத்துல வந்தது. ஒரு புரோகிராமை முறையா வச்சிருக்கிறவர், தனியா எழுதப்பட்ட இன்னொரு புரோகிராமோட அது சேர்ந்து இயங்கத் தேவையான தகவலைப் பெறுறதுக்காகச் செய்யற காரியம், அந்தத் தகவல் வேற வழியில சுலபமா கிடைக்கலைன்னா, மீறல் ஆகாது. இதுதான் அதோட சாரம்.

அமெரிக்காவுல கூகுளுக்கும் ஆரக்கிளுக்கும் நடந்த வழக்கு தெரிஞ்சிருக்கும். ஜாவாவோட ஏபிஐ அறிவிப்பு வரிகள் சுமார் 11,500ஐ கூகுள் ஆண்ட்ராய்டுல பயன்படுத்தினது நியாயமான பயன்பாடுதான்னு 2021 ஏப்ரல்ல அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் 6க்கு 2ன்னு தீர்ப்பு சொல்லுச்சு. அது நம்ம கோர்ட்டைக் கட்டுப்படுத்தாது. ஆனா அடுத்தவன் பாஷைக்கு பதில் சொல்லும் மென்பொருளை நீயே எழுதறது திருட்டு இல்லைங்கிற எண்ணம் எவ்வளவு தூரம் ஏத்துக்கப்பட்டிருக்குன்னு காட்டுது.

ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கங்க. வைன் திருட்டை வெள்ளையாக்காது. கிராக் பண்ணின புரோகிராமை வைன்ல ஓட்டினாலும் அது கிராக்தான்.

"பெரிய கம்பெனி யாராவது இப்படிச் செய்யறாங்களா?"

இதைக் கேட்டா எனக்குச் சிரிப்புதான் வரும்.

ஆப்பிள் 1994ல பவர்பிசி சிபியுவுக்கு மாறினப்ப பழைய மேக் புரோகிராம்களை எமுலேட்டர் வச்சுத்தான் ஓட்டுச்சு. 2006ல இன்டெலுக்கு மாறினப்ப ரொசெட்டா. 2020ல சொந்த சிப்புக்கு மாறினப்ப ரொசெட்டா 2. விண்டோஸ் கேம்களை மேக்குக்குக் கொண்டுவர 2023ல ஆப்பிள் விட்ட கருவித்தொகுப்பு எதை வச்சு செஞ்சது? வைனை வச்சு.

மைக்ரோசாஃப்ட் 2016ல லினக்ஸ் புரோகிராம்களை விண்டோஸ்ல ஓட்ட ஒரு வசதி கொண்டுவந்துச்சு. அதோட முதல் பதிப்பு வேலை செஞ்ச விதம், வைனை அப்படியே கண்ணாடியில திருப்பிப் பார்த்த மாதிரி. லினக்ஸ் வேண்டுகோளை வாங்கி விண்டோஸ் பாஷைக்கு மாத்தறது. 2024ல புது ஏஆர்எம் சிபியு லேப்டாப்கள் வந்தப்ப, பழைய இன்டெல் புரோகிராம்களுக்காக 'பிரிசம்'னு ஒரு எமுலேட்டர். அதே 2024 ஆகஸ்ட்ல தன்கிட்ட இருந்த மோனோ திட்டத்தை மைக்ரோசாஃப்ட் வைன் குழுகிட்டயே ஒப்படைச்சது!

வால்வ் கம்பெனி 2018ல வைனை அடிப்படையா வச்சு புரோட்டான் கொண்டுவந்துச்சு. 2022ல ஸ்டீம் டெக்னு கையில வச்சு விளையாடுற மெஷினை லினக்ஸ்ல விட்டாங்க. அதுல ஓடற கேம்கள்ல பெரும்பாலானவை விண்டோஸுக்கு எழுதினதுதான். 'வைன்னா மெதுவா இருக்கும்'னு சொல்ற நண்பர்கள் அதுல ஒரு கேம் ஆடிப் பார்த்துட்டு வந்து பேசவும்.

ஆக, கோடி கோடியா வச்சிருக்கிறவன் செஞ்சா அது தொழில்நுட்பம். நாம செஞ்சா தலையைச் சுத்தி மூக்கைத் தொடறது. நல்லா இருக்கு நியாயம்.

லினக்ஸ் சுத்த பத்தக்காரங்களுக்கு

இவங்க வாதத்துல சரக்கு இருக்கு, அதை ஒத்துக்கணும். அவங்க காட்டுற உதாரணம் ஐபிஎம்மோட ஓஎஸ்/2. 1992ல வந்த அதோட 2.0 பதிப்பு விண்டோஸ் 3 புரோகிராம்களை ஓட்டும். விண்டோஸை விட நல்ல விண்டோஸ்னே விளம்பரம் பண்ணினாங்க. விளைவு என்ன? விண்டோஸுக்கு எழுதினாலே அதுலயும் ஓடிடுதே, தனியா எதுக்கு எழுதணும்னு சாஃப்ட்வேர் கம்பெனிகள் இருந்துட்டாங்க. ஓஎஸ்/2 செத்துச்சு. லினக்ஸுக்கும் இதே கதி வரும், வைனே அதுக்குக் காரணம் ஆகும்ங்கிறது அவங்க பயம்.

இது காமர்ஸ் ஆளு பதில் சொல்ல வேண்டிய இடம். 1999 நவம்பர்ல மைக்ரோசாஃப்ட் ஏகபோக வழக்குல நீதிபதி தாமஸ் பென்ஃபீல்ட் ஜாக்சன் கண்டறிந்த உண்மைகள்னு ஒரு பெரிய ஆவணம் கொடுத்தார். அதுல மையமான கருத்தே 'செயலிகள் போடற வேலி'. ஆளுங்க விண்டோஸ் வாங்குறது அதுக்கு நிறைய செயலி இருக்கிறதால. செயலி எழுதறவங்க விண்டோஸுக்கு எழுதறது அங்க நிறைய ஆளுங்க இருக்கிறதால. கோழியும் முட்டையும். விண்டோஸுக்கு 70,000க்கு மேல செயலிகள். ஓஎஸ்/2க்கு உச்சத்துல இருந்தப்பவே சுமார் 2,500. பத்து சதவீத சந்தை கையில இருந்தும், விண்டோஸ் ஏபிஐயோட ஒரு பகுதியை நகல் செய்ய முயற்சி பண்ணியும், ஐபிஎம்மால அந்த வேலியைத் தாண்ட முடியலைன்னு அதே ஆவணம் சொல்லுது.

இதுல இருந்து நான் எடுத்துக்கிற பாடம் வேற. ஓஎஸ்/2வைக் கொன்னது இணக்கம் இல்ல, அந்த வேலி. ஐபிஎம் வியாபாரம் பண்ணுச்சு. விக்கலைன்னா கடையை மூடணும், மூடிட்டாங்க. லினக்ஸுக்கு மூட ஒரே முதலாளி கிடையாது. வைனுக்கும் கிடையாது. 15 வருஷம் 1.0 கூட வராம ஒரு கம்பெனி தாக்குப் பிடிச்சிருக்குமா? வேலியை ஒரே தாவா தாண்ட முடியாதப்ப, காத்திருந்து காத்திருந்து ஓட்டை போட்டாங்க.

ஆமா, புரோட்டான் வந்ததுக்கு அப்புறம் லினக்ஸுக்குன்னு தனியா கேம் எழுதணும்ங்கிற கட்டாயம் குறைஞ்சிடுச்சு. அது நஷ்டம்தான், மறைக்கல. ஆனா அதே புரோட்டானால லினக்ஸுக்கு வந்தவங்க எத்தனை பேர்? என்னை எடுத்துக்கங்க. பெரியப்பாவோட புரோகிராமுக்கு லினக்ஸ் பதிப்பு எழுத யாரும் வரப் போறதில்ல, எழுதினவரே எங்க இருக்கார்னு தெரியல. "சுதந்திர மென்பொருளுக்கு மாறு"ன்னு அவர்கிட்ட சொல்லலாம். மாறணும்னா முதல்ல பழைய கணக்கைத் திறக்கணுமே? பழைய வீட்டுப் பூட்டைத் திறக்காம சாமானை எப்படி புது வீட்டுக்கு மாத்தறது?

வைனோட குறைகள்

ஒருதலைப்பட்சமா எழுதறேன்னு யாரும் சொல்லிடக் கூடாதில்ல. வைன்ல எல்லாம் ஓடாது. புதுசா வர்ற சந்தா முறை ஆஃபீஸை நம்பி இதுல இறங்காதீங்க. விண்டோஸ் டிரைவர் கேக்குற யுஎஸ்பி டாங்கிள் வச்ச சாஃப்ட்வேர் பெரும்பாலும் தகராறு பண்ணும், ஏன்னா விண்டோஸ் டிரைவரை லினக்ஸ் கெர்னல் ஏத்துக்காது. சில ஆன்லைன் கேம்களோட ஏமாத்துத் தடுப்பு வைனைக் கண்டாலே வெளிய தள்ளும். விண்டோஸ் வைரஸும் வைன்ல ஓடலாம், உங்க ஃபைல்களைத் தொடலாம், அதனால கண்டதையும் டபுள் கிளிக் பண்ணாதீங்க. சில நாள் ஒரு ஃபான்ட்டுக்காக ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் உக்காந்திருக்கேன்.

இத்தனையும் ஒத்துக்கிட்டுத்தான் சொல்றேன். வைன் ஓடாத இடத்துல குறை வைன்கிட்ட மட்டும் இல்ல. ஒரே இயங்குதளத்துல மட்டும் ஓடற மாதிரி எழுதி, அதோட ஃபைல் அமைப்பையும் மறைச்சு வச்சவங்ககிட்டயும் பாதி குறை இருக்கு.

இது ஏன் நம்ம துறைப் பிரச்சனை?

முதலாம் ஆண்டுலயே 'கோயிங் கன்சர்ன்'னு படிச்சோம். நிறுவனம் தொடர்ந்து நடக்கும்ங்கிற அனுமானத்துலதான் கணக்கே எழுதுறோம். கம்பெனிகள் சட்டம் 2013, பிரிவு 128, கணக்குப் புத்தகங்களை 8 நிதியாண்டு பாதுகாக்கணும்ங்குது. ஜிஎஸ்டி சட்டம் பிரிவு 36, ஆண்டறிக்கை கெடு தேதியில இருந்து 72 மாசம் வச்சிருக்கணும்ங்குது. காகிதப் பேரேடுன்னா கரையான் அரிக்காம பார்த்துக்கிட்டா போதும், எட்டு என்ன, எண்பது வருஷம் கழிச்சும் எவனும் படிக்கலாம். கம்ப்யூட்டர் பேரேட்டை? அதைத் திறக்கிற புரோகிராமும், அந்தப் புரோகிராமை ஓட்டுற இயங்குதளமும் அத்தனை நாள் உயிரோட இருக்கணும். அந்த உத்தரவாதத்தை யார் தர்றாங்க? நமக்குச் சட்டக் கடமை இருக்கு, சாஃப்ட்வேர் விக்கிறவங்களுக்கு இல்ல.

அரசாங்கமும் இதுல சேர்த்தி. 2017ல வந்த ஜிஎஸ்டி, வியாபாரம் பண்ற எல்லாருக்கும் பொதுவான வரி. அதுக்கான ஆஃப்லைன் கருவி விண்டோஸுக்கு மட்டும்தான், லினக்ஸ்லயும் மேக்லயும் ஓடாதுன்னு அவங்களே சொல்லியிருக்காங்க. பிரவுசர் வழியா நேரா தாக்கல் பண்ணலாம், உண்மைதான். நூத்துக்கணக்குல பில் இருக்கிறவன் அந்தக் கருவியைத்தானே தேடுவான்? வரி கட்டறதுக்கு முன்னாடி ஒரு தனியார் கம்பெனிக்குக் காசு கட்டிட்டு வாங்கிற மாதிரி இல்ல இது? இத்தனைக்கும் பாஸ் லினக்ஸ்னு ஒண்ணை சிடாக் நம்ம சென்னையில உக்காந்து அரசுப் பணத்துல உருவாக்கியிருக்கு! ஒரு கை கட்டுது, இன்னொரு கை கண்டுக்கவே மாட்டேங்குது.

ஆகவே மக்களே...

நான் கேக்குறது ரொம்பப் பெருசு இல்ல.

1. காலேஜ்ல அசைன்மென்ட் கேக்கும்போது எந்த சாஃப்ட்வேர்ல செஞ்சேன்னு கேக்காதீங்க. கணக்கு சரியா, விளக்கம் சரியான்னு மட்டும் பாருங்க.

2. அரசாங்கம் ஒரு கருவி விட்டா எல்லா இயங்குதளத்துலயும் ஓடணும், இல்லைன்னா ஃபைல் அமைப்பையாவது முழுசா வெளியிடணும், யாராவது எழுதிக்குவாங்க.

3. சாஃப்ட்வேர் எழுதறவங்களே, கடையை மூடிட்டுப் போறப்ப சாவியை வச்சிட்டுப் போங்க. டேட்டாவை வெளிய எடுக்க ஒரு பட்டன். அது போதும்.

4. நண்பர்களே, உங்க வீட்டுக் கடை, அப்பா ஆபீஸ், சித்தப்பா ரைஸ் மில் எங்கயாவது பழைய கம்ப்யூட்டர் மூலையில கிடந்தா, எடைக்குப் போடறதுக்கு முன்னாடி ஹார்ட் டிஸ்க்கைக் கழட்டி வையுங்க. உள்ள இருக்கிறதை வைன்லயோ எதுலயோ திறக்க முடியுதான்னு ஒரு சனிக்கிழமை உக்காந்து பாருங்க. திறந்தா, உடனே எல்லாத்தையும் சாதாரண சிஎஸ்வி ஃபைலா எடுத்து வச்சிடுங்க. பெரியப்பா புரோகிராம்ல அந்த வசதியே இல்ல. ஒவ்வொரு அறிக்கையையும் பிரின்ட் ஃபைலா எடுத்து, அதுல இருந்து பிரிச்சு, 28 வருஷக் கணக்கையும் சிஎஸ்வியா மாத்தி முடிக்க எனக்கு மூணு வாரக் கடைசி ஆச்சு.

அப்புறம் யாராவது "பேசாம விண்டோஸ் போட்டுக்க வேண்டியதுதானே"ன்னு கேட்டா, அந்த 18,600 கதையைச் சொல்லுங்க. அவர் நிஜமாவே கட்டியிருந்தார். அதை நிரூபிக்கிற சாட்சி ஒரு டிஸ்க்குக்குள்ள பூட்டிக் கிடந்தது. சாவி செஞ்சு வச்சிருந்தது, முகம் தெரியாத சில பேர், நம்மகிட்ட காசு வாங்காம, முப்பது வருஷமா.

பி.கு: கடையில பழைய புரோகிராமுக்குன்னு ஒரு பழைய மெஷின்ல லினக்ஸும் வைனும் போட்டுக் கொடுத்திருக்கேன். பெரியப்பாவுக்கு பேரு மட்டும் வாயில நுழைய மாட்டேங்குது. போன வாரம் போன் பண்ணி, பக்கத்துல ஆளுங்க இருக்கும்போதே சத்தமா கேக்குறார்: "தம்பி, அந்த பிராந்தியை மறுபடி எப்படிடா தொறக்கிறது?"